எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள்? மலையக வேட்பாளரின் இணையப் பிரசாரத்துக்கு ஓர் அனலிடிக்ஸ் வழிகாட்டி

ஒரு பிரதேச சபை வட்டாரத்தில் சில நூறு வாக்குகள் வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும். அங்கே நிற்கும் வேட்பாளரின் பேஸ்புக் வீடியோவை இருபதாயிரம் பேர் பார்த்தார்கள் என்றதும் தேர்தல் அலுவலகமே குதூகலிக்கிறது. அந்த இருபதாயிரத்தில் கட்டாரில் இருப்பவர் எத்தனை, சென்னையில் இருப்பவர் எத்தனை, கொழும்பில் வேலை செய்தாலும் வாக்கு ஊரில் இருப்பவர் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இணையப் பிரசாரத்தில் கணக்குப் பார்ப்பது அந்தக் கேள்வியைக் கேட்பதில்தான் தொடங்குகிறது.

"நீதானே போன்ல நல்லா வேலை செய்வ, இனி சோஷியல் மீடியா உன் பொறுப்பு" என்று தேர்தல் நேரத்தில் தலையில் கட்டப்பட்ட தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். புரோகிராமிங் தெரியத் தேவையில்லை. ஓர் இணையத்தளம், ஒரு கூகுள் கணக்கு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். நீங்கள் எந்தக் கட்சி, எந்தத் தொழிற்சங்கம் என்பது இங்கே பிரச்சினை இல்லை. கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதல் படி: வருகிறவர் என்ன செய்ய வேண்டும்?

எதையும் நிறுவுவதற்கு முன்னால் வேட்பாளரோடு உட்கார்ந்து இதைக் கேளுங்கள்: தளத்துக்கு வருகிறவர் எதைச் செய்துவிட்டுப் போனால் நமக்குப் பிரயோசனம்? "நம்மைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்வார். அதை எண்ண முடியாது, ஆகவே விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தி நம்மோடு பேசுவதை எண்ணலாம். கூரை ஒழுகுகிறது, குடிதண்ணீர் இல்லை, 7 பேர்ச் காணிக்கு உறுதி வரவில்லை, வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது என்று தன் லயத்துப் பிரச்சினையைப் படிவத்தில் எழுதி அனுப்புவதை எண்ணலாம். வாக்களிப்பு நிலைய முகவராக வரச் சம்மதிப்பதையும் எண்ணலாம். பாராளுமன்றத் தேர்தல் என்றால் ஒருவர் 3 விருப்பு வாக்குகள் வரை போடலாம் என்பதால், வேட்பாளரின் இலக்கம் போட்ட அட்டையைப் பதிவிறக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சிப்போனால் இரண்டு. என்னைக் கேட்டால் பிரச்சினைப் படிவம்தான் முதலில். ஒருவர் தன் தோட்டத்தின் பெயரையும் தன் குறையையும் தானாகவே எழுதித் தருவதை விடப் பெரிய தரவு எந்த மென்பொருளிலும் வராது.

இரண்டாம் படி: நிறுவுதல்

தளத்துக்கு எத்தனை பேர், எந்த வழியாக வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எண்ணித் தரும் கூகுள் அனலிடிக்ஸ் இலவசம். இப்போது இருப்பது அதன் நான்காவது தலைமுறை. பழைய பதிப்பு 2023 ஜூலை 1ஆம் திகதியோடு தரவு சேகரிப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய யூடியூப் பாடங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அதிலுள்ள திரைகள் இப்போது இல்லை.

கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்குள் ஒரு "ப்ரொப்பர்ட்டி" (ஒரு தளத்துக்கான தனிக் கணக்குப் பகுதி) உருவாக்கி, அதில் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால் "ஜி" என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். வேர்ட்பிரஸ், புளொக்கர், கூகுள் சைட்ஸ் மூன்றிலும் அந்த இலக்கத்தை ஒட்டுவதற்கு வழி இருக்கிறது. ஒட்டிவிட்டு உங்கள் போனில் தளத்தைத் திறந்து "ரியல்டைம்" அறிக்கையைப் பாருங்கள். நீங்கள் ஒருவர் அங்கே தெரிந்தால் வேலை முடிந்தது. மற்ற அறிக்கைகளில் எண்கள் முழுமையாக வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் பிடிக்கும். அன்றைக்கே பார்த்துப் பதற வேண்டாம்.

இந்த இடத்தில் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற மூன்று அமைப்புகள் இருக்கின்றன. நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு வந்தவர் காலையில் வந்ததாகக் கணக்காகும். தரவு வைத்திருக்கும் காலம் தொடக்கத்தில் 2 மாதமாக இருக்கும், அதை 14 மாதமாக்குங்கள். கணக்கைப் பிரசாரத்துக்கென்று திறந்த மின்னஞ்சலில் வையுங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். வேட்புமனுப் பட்டியலில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு ஆள் போனால் கணக்கும் அவரோடு போவது நம் ஊர் வழக்கம்தானே.

அப்புறம், முதல் படியில் தேர்ந்தெடுத்த செயலை அனலிடிக்ஸுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். படிவம் என்றால் சுலபமான வழி இது: அனுப்பியதும் "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்ற தனிப் பக்கத்துக்குப் போகும்படி செய்யுங்கள். அட்மின் பகுதியில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை ஒரு நிகழ்வாக உருவாக்கி "கீ ஈவென்ட்", அதாவது நமக்கு முக்கியமான செயல், என்று குறியுங்கள். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துவது வெளித்தள இணைப்பை அழுத்துவதாகத் தானாகவே பதிவாகும். அதிலிருந்து வாட்ஸ்அப் முகவரிக்குப் போனதை மட்டும் பிரித்து இன்னொரு நிகழ்வாக்கலாம். தொலைபேசி இலக்கத்தை அழுத்துவது அப்படித் தானாகப் பதிவாகாது.

மூன்றாம் படி: இணைப்புக்குப் பெயர் வைத்து அனுப்புதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

காரணம் என்னவென்றால், மலையகத்தைப் பொறுத்தவரை அனலிடிக்ஸின் இட அறிக்கையை நம்ப முடியாது. ஒரு போன் எந்த ஊரில் இருக்கிறது என்பதைக் கூகுள் அனலிடிக்ஸ் அந்தப் போனின் இணைய முகவரியை வைத்து ஊகிக்கிறது. மொபைல் டேட்டாவில் அந்த முகவரி தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்குச் சொந்தமானது, நம் கோபுரத்துக்குச் சொந்தமானதல்ல. அதனால் பொகவந்தலாவையில் மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்துப் படிப்பவரும் "கொழும்பு" என்று விழலாம். அறிக்கையில் கொழும்பு முதலிடத்தில் வந்ததும், "நம்ம பொடியன்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில் இருந்து பார்க்கிறான்கள்" என்று முடிவு கட்டி, புறக்கோட்டையில் கூட்டம் போடக் கிளம்பிவிடாதீர்கள். அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கலாம். எவ்வளவு என்பது அந்த அறிக்கையிலிருந்து தெரியாது.

வந்த வழியும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பை அழுத்தி வருபவர் பெரும்பாலும் "டைரக்ட்", அதாவது நேரடியாக முகவரியைத் தட்டி வந்தவர் என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். நம் பிரசாரத்தின் பாதி வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. அந்தப் பாதி முழுவதும் ஒரே குவியலாகிவிட்டால் அறிக்கையை வைத்து என்ன செய்வது?

ஆகவே, எங்கிருந்து வந்தார் என்பதை இணைப்பிலேயே எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு யூடிஎம் குறி என்று பெயர். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு மூன்று விவரங்களைச் சேர்ப்பதுதான் விஷயம்: மூலம், வகை, பிரசாரத்தின் பெயர். கையால் எழுத வேண்டியதில்லை. கூகுளே கொடுக்கும் இலவச "கெம்பெய்ன் யூஆர்எல் பில்டர்" பக்கத்தில் நிரப்பினால் இணைப்பு தயாராகிவிடும்.

உதாரணமாக, குடிதண்ணீர் பற்றிய ஒரு பக்கத்தை நான்கு இடங்களில் பகிரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோர்வூட் தோட்டத் தலைவர்மார் குழு, அக்கரப்பத்தனை இளைஞர் குழு, பேஸ்புக் பக்கம், கொட்டகலை டவுனில் ஒட்டும் சுவரொட்டியில் உள்ள கியூஆர் குறி. நான்குக்கும் நான்கு இணைப்புகள் உருவாக்குங்கள். முதலாவதில் மூலம் வாட்ஸ்அப், வகை சோஷியல், பிரசாரம் "தண்ணீர்", கூடுதலாக உள்ள "கொன்டென்ட்" என்ற பெட்டியில் "நோர்வூட் தலைவர்". மற்றவற்றுக்கும் அதேபோல. வாசிப்பவருக்கு நான்கும் ஒரே பக்கம்தான். உங்களுக்கு மட்டும் நான்கு கணக்கு.

பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். ஓரிடத்தில் பெரிய எழுத்தும் இன்னோரிடத்தில் சிறிய எழுத்தும் வந்தால் அனலிடிக்ஸ் அவற்றை இரண்டு ஊராக எண்ணும். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். தலவாக்கலையை ஆங்கிலத்தில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். ஒரு கூகுள் ஷீட் திறந்து எந்த ஊருக்கு எந்த எழுத்து என்று முதல் நாளே பதிந்து, எல்லாரும் அதிலிருந்தே ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் சிலர் ஒரு குழுவின் இணைப்பை இன்னொரு குழுவுக்கு அப்படியே அனுப்புவார்கள். அதைத் தடுக்க முடியாது, பரவலின் ஒரு பகுதி அது. எண்ணைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது? வட்டாரம் அல்லது தோட்டம் வரைக்கும் சரி. ஆள் ஆளுக்கு ஓர் இணைப்பு வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: கழிக்க வேண்டியதைக் கழித்தல்

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்களே, அதைப் போல இங்கேயும் கழிவு உண்டு. வித்தியாசம், இங்கே கழிப்பது நமக்கு நல்லது. அலுவலகத்தில் உள்ள பத்துப் பேர் தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். வேட்பாளரும் அவர் மச்சானும் மணிக்கொரு தடவை பார்ப்பார்கள். அலுவலக வைஃபையின் இணைய முகவரியை "இன்டர்னல் டிராஃபிக்" என்று அடையாளப்படுத்தி வடிகட்டலாம். போன் டேட்டாவில் பார்ப்பவர்களை அப்படி வடிகட்டுவது கஷ்டம், சொல்லி நிறுத்துவதுதான் வழி. வெளிநாட்டு வருகைகளை வடிகட்டத் தேவையில்லை, அறிக்கையில் நாடு என்ற பிரிவைப் போட்டு இலங்கையைத் தனியாகப் பாருங்கள். நாட்டளவில் இட அறிக்கை பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊரளவில்தான் சறுக்கும்.

மொழி அறிக்கையும் ஏமாற்றும். அது சொல்வது போனில் அமைத்துள்ள மொழியை. ஆங்கிலத்தில் அமைத்த போனில் தமிழ் மட்டும் படிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். எந்த மொழிப் பக்கம் படிக்கப்படுகிறது என்று அறிய, தமிழ்ப் பக்கத்தையும் சிங்களப் பக்கத்தையும் வெவ்வேறு முகவரியில் வைத்துப் பக்க அறிக்கையைப் பாருங்கள். கலந்து வாழும் வட்டாரங்களில் சிங்களப் பக்கம் கட்டாயம் வேண்டும் என்பது தனிக் கதை.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

தினமும் பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். அக்விசிஷன் (வந்த வழி) அறிக்கையில் மூலங்களையும் கொன்டென்ட் பெயர்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருகை, அதில் எத்தனை கீ ஈவென்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "என்கேஜ்ட் செஷன்" என்றும் ஓர் எண் இருக்கும். 10 விநாடிக்கு மேல் இருந்தது, அல்லது இரண்டு பக்கமாவது பார்த்தது, அல்லது கீ ஈவென்ட் ஒன்று நடந்தது, இதில் ஏதாவது இருந்தால் அந்த வருகை அதில் சேரும். பத்து விநாடி என்பது பெரிய விஷயமில்லை, ஆகவே அந்த எண் உயர்ந்திருக்கிறது என்று மயங்க வேண்டாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. இந்த வாரம் பேஸ்புக்கிலிருந்து 600 வருகை, 6 படிவம். நோர்வூட் தலைவர்மார் குழுவிலிருந்து 80 வருகை, 14 படிவம். அக்கரப்பத்தனை இளைஞர் குழுவிலிருந்து 150 வருகை, ஒரு படிவமும் இல்லை. வேட்பாளர் பேஸ்புக்கின் 600ஐப் பார்த்துச் சிரிப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது மற்ற இரண்டையும். நோர்வூட்டில் அந்த 14 பேருக்கும் இரண்டு நாளைக்குள் யாராவது போன் எடுக்க வேண்டும், முடிந்தால் நேரில் போக வேண்டும். அக்கரப்பத்தனையில் 150 பேர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போயிருக்கிறார்கள். அக்கறை இருக்கிறது, ஏதோ தடுக்கிறது. படிவம் நீளமா? அடையாள அட்டை இலக்கம் கேட்டுப் பயமுறுத்துகிறதா? தண்ணீர் அங்கே பிரச்சினையே இல்லையா? இதற்குப் பதில் அனலிடிக்ஸில் இல்லை. அந்தக் குழுவில் உள்ள இரண்டு பேரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேஸ்புக் விளம்பர அறிக்கை 300 பேர் இணைப்பை அழுத்தினார்கள் என்றும் அனலிடிக்ஸ் 180 என்றும் காட்டினால், யாரும் ஏமாற்றவில்லை. முக்கிய சந்தேக நபர் பக்கத்தின் எடை. வேட்பாளர் கும்பிட்டு நிற்கும் படம் மட்டுமே ஐந்து மெகாபைட் இருக்கும், அது திறப்பதற்குள் ஆள் திரும்பிப் போய்விடுவார். அனலிடிக்ஸ் குறி ஓடுவதற்கு முன்பே போனவர் கணக்கில் வரமாட்டார். கூகுளின் "பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்" பக்கத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவதைத்தான் நல்ல நிலை என்று அது சொல்கிறது. படங்களைச் சுருக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் யோசியுங்கள். பேஸ்புக், வாட்ஸ்அப்புக்கு மட்டும் பேக்கேஜ் போட்டிருப்பவர் வெளித்தள இணைப்பை அழுத்தினால் அது வேறு டேட்டாவில் ஓடும். அவரைத் தளத்துக்கு இழுப்பதை விட, சொல்ல வேண்டியதை ஒரே படத்தில் எழுதி வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவது நல்லது. எல்லாரையும் தளத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நேர அறிக்கையையும் மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது), பகல் முழுக்க மலை, பின்னேரம் நிறுவை என்று இருப்பவர் போனை எப்போது எடுப்பார் என்று நமக்கே தெரியும், ஆனால் உங்கள் பதிவுகள் காலை பத்து மணிக்குத்தான் போகின்றனவா என்று சரிபாருங்கள். சம்பளம் கிடைக்கும் 10ஆம் திகதிக்குப் பிறகான வாரத்தையும் அதற்கு முந்திய வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பிரயோசனமானது. ரீலோட் போடக் காசில்லாத வாரத்தில் வருகை குறைந்ததற்கு உங்கள் வீடியோ காரணமாக இருக்காது.

கூகுளில் தேடி வருபவர்களுக்கு "சேர்ச் கன்சோல்" என்ற தனிக் கருவி இருக்கிறது, அதுவும் இலவசம், 16 மாதத் தரவை வைத்திருக்கும். மக்கள் எந்தச் சொற்களைத் தட்டித் தேடினார்கள் என்பதை அதில் பார்க்கலாம். தமிழிலும் தேடுவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடுவார்கள். பாமினி எழுத்துருவில் அடித்த துண்டுப்பிரசுரத்தை அப்படியே தளத்தில் ஒட்டினால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை. யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

டிக்டொக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போட அனுமதியில்லை, தானாக ஓடுவது ஓடட்டும், சுயவிவரத்தில் உள்ள ஒரே இணைப்புக்கு யூடிஎம் குறி போடுங்கள்.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுதல்

இணையப் பிரசாரம் பற்றிப் பேசினால் ஒபாமா கதையை யாராவது இழுப்பார்கள். 2007 டிசம்பரில் அவருடைய தளத்தின் முகப்பில் டான் சிரோகர் தலைமையிலான குழு 4 பொத்தான் வாசகங்களையும் 6 படங்கள், வீடியோக்களையும் சேர்த்து 24 விதமாகக் காட்டிச் சோதித்தது. குழுவினருக்குப் பிடித்திருந்த வீடியோக்கள் தோற்றன. குடும்பப் படமும் "மேலும் அறிய" என்ற பொத்தானும் வென்றன, பதிவு செய்தவர் வீதம் நூற்றுக்கு 8.26இலிருந்து 11.6 ஆக உயர்ந்தது. நல்ல பாடம்தான். ஆனால் அந்தச் சோதனையில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வாரத்துக்கு 400 பேர் வரும் தளத்தில் அதைச் செய்தால் கிடைப்பது குருட்டு எண். 5 படிவம் 8 ஆனதை முன்னேற்றம் என்று எழுத முடியாது.

நமக்குச் சரிவருவது இதுதான்: ஒரு வாரம் ஒரு மாற்றம், அதுவும் பெரிய மாற்றம். பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒன்பது கேள்விப் படிவத்தை மூன்றாக்குங்கள்: பெயர், தோட்டம், பிரச்சினை. விளைவு இருந்தால் அது வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த வாரம் சம்பளப் போராட்டமோ அடைமழையோ இருந்தால் அதையும் ஷீட்டில் குறித்து வையுங்கள்.

தொடக் கூடாதவை

ஆள் ஆளுக்கு இணைப்பு வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். பெயர், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் போன்றவை இணைப்பிலோ பக்க முகவரியிலோ கலந்து அனலிடிக்ஸுக்குப் போகக் கூடாது. கூகுளின் விதியே அதைத் தடுக்கிறது. அதை விடப் பெரிய காரணம் நம் ஊரில் இருக்கிறது. எந்தத் தொழிலாளி எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறார், யாருடைய பக்கம் பேசுகிறார் என்ற பட்டியல் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்தை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது. படிவத்தில் வந்ததை இரண்டு பேருக்கு மேல் பார்க்க அனுமதிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷொட் போடவே கூடாது.

பேஸ்புக்கில் அரசியல் விளம்பரம் போடுபவர் தன் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும், யார் பணம் செலுத்தினார் என்ற வரியும் சேர வேண்டும். அந்த விளம்பரங்கள் "ஆட் லைப்ரரி"யில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும். எதிரணி என்ன போடுகிறது என்பதை நீங்களும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம், வாரம் ஒரு தடவை பாருங்கள். வாக்களிப்புக்கு முந்திய 48 மணி நேரம் பிரசாரம் ஓய வேண்டும் என்பதால் திட்டமிட்டு வைத்த பதிவுகளுக்கும் காசு கொடுத்துப் பரப்பும் பூஸ்ட்டுகளுக்கும் முடிவு நேரத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அந்த இரவில் நினைவு வராது.

பூஸ்ட் செய்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதைச் சேமியுங்கள், கொழும்பில் இருக்கும் அண்ணனின் அட்டையில் போனதையும் சேர்த்து. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியான பின் 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவு விவரத்தைக் கையளிக்க வேண்டும். யூடிஎம் பெயர்களை எழுதிய அதே ஷீட்டில் செலவுக்கென்று ஒரு நிரலைச் சேர்த்துக்கொண்டால் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். எவ்வளவு செலவுக்கு எத்தனை படிவம் வந்தது என்ற கணக்கும் அதே இடத்தில் கிடைக்கும். விவரத்தைக் கையளித்த பிறகு அனலிடிக்ஸ் அறிக்கைகளைப் பதிவிறக்கி வையுங்கள், படிவத்தில் எழுதியவர்களுக்குப் பதில் சொல்லி முடித்ததும் அவர்களின் இலக்கங்களை அழித்துவிடுங்கள்.